பனி விழுமுன் மரங்களை உள்ளே எடுங்கள்

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

செப்ரெம்பர் பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். கோடையில் "எப்போது காய்க்கும்?" என்று கேட்டவர்கள் இப்போது "எப்படிக் காப்பாற்றுவது?" என்று கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றில் எட்டுக் கடிதங்களை எடுத்திருக்கிறேன். நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுவதால் சொல்லும் திகதிகள் இந்த ஊருக்கானவை. மற்ற ஊர்க்காரர் உங்கள் ஊரில் முதல் உறைபனி எப்போது என்று பார்த்து, அதற்கேற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தேசிமரத்துக்கு ஆறு வயது. கோடை முழுக்கப் பின்வளவில் செழிப்பாக நிற்கும். போன வருடம் ஒக்ரோபர் கடைசியில் உள்ளே எடுத்து, நல்ல வெயில் படும் தெற்குப் பக்க யன்னலோடு வைத்தோம். ஜனவரியில் இலை கொட்டத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று தினமும் ஊற்றினோம், இன்னும் கொட்டியது. இந்த வருடம் என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: உங்கள் மரம் தாகத்தால் இலையை உதிர்க்கவில்லை. தலை வெயிலிலும் கால் குளிரிலும் நின்றதால் உதிர்த்தது. ஜனவரி மாதத்து யன்னலோரத் தரையில் கையை வைத்துப் பாருங்கள், ஐஸ் போல இருக்கும். அந்தத் தரையில் இருக்கும் சாடியின் மண்ணும் அப்படித்தான். தோடை, தேசி வகைகளின் வேர் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிடும். ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இலை சூடாகித் தண்ணீர் கேட்கிறது, வேரால் கொடுக்க முடியவில்லை, அப்போது மரத்துக்கு இருக்கும் ஒரே வழி இலையைக் கழற்றி விடுவதுதான். அந்த நேரத்தில் நீங்கள் தினமும் ஊற்றிய தண்ணீர் குளிர்ந்த மண்ணிலேயே தேங்கி, இருந்த வேரையும் அழுகவைத்திருக்கும். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. எனக்கு வரும் தேசிமரக் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

ஒரு மரத்தைக் குளிர்காலத்தில் வைத்திருக்க இரண்டே வழிகள். ஒன்று, சூடும் வெளிச்சமும் சேர்த்துக் கொடுப்பது. மற்றது, குளிர்ச்சியான இடத்தில் கொஞ்ச வெளிச்சத்தோடு தூங்கவிடுவது. சூடான அறையில் இருட்டு மூலையில் வைப்பதுதான் மிகவும் கெட்டது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். பிரான்சில் வெர்சாய் அரண்மனைக்காக 1684 முதல் 1686 வரை கட்டிய பெரிய தோடைமர மண்டபம் இரண்டாவது வழியில்தான் இன்றும் ஓடுகிறது. தடித்த சுவர்கள், தெற்குப் பார்த்த உயரமான யன்னல்கள். மரப்பெட்டிகளில் நிற்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் ஒக்ரோபரில் உள்ளே போய் மே மாதத்தில் வெளியே வரும். இராசாவின் தோட்டக்காரர் 300 வருடத்துக்கு முன் கண்ட வழி இன்றைக்கும் நம்முடைய கராஜுக்கும் பொருந்துகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு வருடமும் சந்தோஷமாக இருக்கும்.

சரி, இந்த வருடம் செய்யவேண்டியது. ஒக்ரோபர் கடைசி மட்டும் காத்திருக்காதீர்கள். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே, அதாவது இந்த மாதக் கடைசிக்குள், எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் வெளியிலேயே நிழலில் வைத்தால் உள்ளே வரும் மாற்றம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. இலையின் அடிப்பக்கம் உட்பட முழு மரத்தையும் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். சாடியின் அடி ஓட்டைகளில் எறும்பு, நத்தை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்ததும் சாடியைத் தரையில் வைக்காமல் ஒரு மரக்கட்டை அல்லது தடித்த ஸ்ரைரோஃபோம் துண்டின்மேல் வையுங்கள், இந்த ஒரு மாற்றமே பல மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வெப்பக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். விரலை விட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் சாடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், பாரம் குறைந்தால் ஊற்றலாம். பெப்ரவரி கடைசி வரை பசளையும் வேண்டாம், சாடி மாற்றமும் வேண்டாம்.

இலை கொட்டிய மரத்தை உடனே வீசியும் விடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கேள்வி: கடையில் வாங்கிய மாம்பழத்தின் கொட்டையை நட்டு வந்த மரம், வயது நான்கு, உயரம் ஐந்தடி. இது காய்க்குமா? அல்லது ஊரில் இருந்து கறுத்தக்கொழும்பான் ஒட்டு ஒன்று கொண்டுவர வழி இருக்கிறதா?
– வாசகர், மார்க்கம்

பதில்: முளைத்தபோது ஒரு கொட்டையில் இருந்து எத்தனை தண்டு வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மூன்று வந்திருந்தால் அது பல கரு உள்ள இனம், பெரும்பாலும் தாயைப் போலவே பழம் தரும். இங்கே கடைகளில் வரும் சின்ன மஞ்சள் அத்தோல்ஃபோ மாம்பழம் அந்த வகை. ஒரே ஒரு தண்டுதான் வந்தது என்றால், சிவப்பும் பச்சையுமாய் வரும் பெரிய மாம்பழங்கள் போல, என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதுவானாலும் கொட்டைக்கன்று வெப்பநாட்டில் நிலத்தில் நின்றாலே காய்க்க ஐந்து முதல் எட்டு வருடம் எடுக்கும். வருடத்தில் பாதி நாள் தூங்கும் நம் சாடிமரத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும்.

நானும் ஒரு கொட்டைக்கன்றை ஒன்பது வருடம் வளர்த்தேன். சாடிக்குமேல் சாடி மாற்றி, கூரையைத் தொட்டு, ஒரு பூவும் இல்லாமல் ஒரு டிசம்பரில் வேரழுகிச் செத்தது. அதற்குப் பிறகு வாங்கிய ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே பூத்தது. ஆகவே பழம்தான் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். இந்த மரத்தை நிழலுக்கும் இலைக்கும் வைத்துக்கொள்ளலாம், மாவிலைத் தோரணத்துக்கு ஆகும்.

மாவைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது பூப்பதற்குக் குளிர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியும் தைக் குளிரும் பட்ட பிறகு மாமரம் பூக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் குளிர்தான் முற்றிய கிளையை இலை விடாமல் பூ விடச் செய்கிறது. நமக்கு இங்கே குளிருக்கா பஞ்சம்? நவம்பர் நடுப்பகுதியில் இருந்து ஆறு எட்டு வாரம், இரவில் 10 முதல் 15 பாகை வரை இருக்கும் வெளிச்சமான இடத்தில், தண்ணீரைக் குறைத்து வையுங்கள். பூந்தண்டு எட்டிப்பார்த்ததும் சூடான இடத்துக்கு மாற்றுங்கள். பூத்த பிறகும் குளிரில் இருந்தால் மகரந்தம் வலுவில்லாமல் போகும், பிஞ்சு பிடிக்காது. வீட்டுக்குள் ஈ, தேனீ கிடையாது, மெல்லிய தூரிகையால் பூங்கொத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் தடவிவிடுங்கள். நாலடி மரத்தில் இரண்டு மூன்று காய் போதும். மனம் வராது, ஆனாலும் மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.

கறுத்தக்கொழும்பான் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் செடி, ஒட்டுத்தடி, மண் எதையும் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரவே கூடாது. கனடாவுக்குள் உயிர்ச்செடி வருவதென்றால் தாவர நலச் சான்றிதழ் உட்பட உரிய பத்திரங்கள் வேண்டும், அந்தக் கட்டுப்பாடு வேண்டாத கண்டிப்பு அல்ல, ஒரு தடியோடு வரும் பூச்சி ஒரு மாகாணத்துத் தோட்டங்களையே கெடுக்கும். இங்கே கிடைப்பதில் குள்ள இனங்களைத் தேடுங்கள். ஜூலி, பிக்கரிங், கொக்சல் ஆகிய மூன்றும் சாடிக்கு ஏற்றவை. ஆம்ரபாலி எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள். டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தஷேரி மாவையும் நம் நீலம் மாவையும் கலந்து 1971இல் வெளியிட்ட குள்ள இனம் அது. கறுத்தக்கொழும்பான் சுவை அதில் இராது. ஆனாலும் நீலத்தின் பிள்ளையல்லவா, மணம் இருக்கும்.

கேள்வி: எங்கள் வாழை எட்டு வருடமாக வளவில் நிற்கிறது. ஒவ்வொரு குளிருக்கும் அடியோடு வெட்டி வைக்கோல் போட்டு மூடுகிறோம், சித்திரையில் திரும்ப முளைக்கிறது. இலை பிரமாதம். குலைதான் வரவில்லை.
– வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: இரண்டு காரணம். முதலாவது, லண்டனில் நிலத்திலேயே குளிர் தாங்கி நிற்பது அநேகமாக யப்பான் வாழையாகத்தான் இருக்கும். பெயர்தான் யப்பான், அதன் பூர்வீகம் சீனா. கிழங்கை நன்றாக மூடினால் மைனஸ் பத்துக்குக் கீழும் தாங்கும். ஆனால் அது குலை போட்டாலும் பழம் சாப்பிட உதவாது, உள்ளே விதைதான்.

இரண்டாவது, வாழைக்குப் பொத்தி அடித்தண்டின் உள்ளே இருந்துதான் ஏறி வரும். ஒரு வாழை முப்பது நாற்பது இலை விட்ட பிறகுதான் குலை தள்ளும். ஒவ்வொரு வருடமும் அடியோடு வெட்டினால் அது ஒவ்வொரு வருடமும் முதலாம் வகுப்பிலேயே நிற்கிறது. பூவாவது பார்க்க ஆசை என்றால் இந்த முறை தண்டை வெட்டாதீர்கள். முதல் உறைபனியில் இலை கருகியதும் இலையை மட்டும் வெட்டி, தண்டைச் சுற்றிக் கம்பிவலையால் ஒரு கூடு கட்டி, அதற்குள் வைக்கோலை இறுக்கமாக நிரப்பி, மழை இறங்காமல் மேலே மூடுங்கள். லண்டன் குளிரில் அநேகமாகத் தண்டு பிழைக்கும்.

சாப்பிடும் பழம் வேண்டும் என்றால் குள்ளக் கவெண்டிஷ் வாழையைப் பெரிய சாடியில் வைத்து, குளிரில் உள்ளே எடுக்கவேண்டும். இதற்கும் உங்கள் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இன்று உலகம் முழுக்கக் கடைகளில் தொங்கும் கவெண்டிஷ் வாழைக்கு அந்தப் பெயரே இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வேர்த் மாளிகையில் இருந்துதான் வந்தது. 1830களில் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பக்ஸ்ரன் கண்ணாடி வீட்டுக்குள் அதைக் காய்க்கவைத்து, தன் முதலாளியான பிரபுவின் குடும்பப் பெயரை அதற்கு வைத்தார். ஐஸ்லாந்திலும் நிலத்தடி வெந்நீரால் சூடாகும் கண்ணாடி வீடுகளில் வாழை காய்க்கிறது. ஆனால் அங்கே ஒரு குலை வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். சூடு தாராளமாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை. இதை எல்லாரும் மனதில் வையுங்கள், நம் மரங்களுக்கு இங்கே குறைவது சூட்டைவிட வெளிச்சம்தான்.

அதுவரை இருக்கும் இலையை வீணாக்காதீர்கள், கழுவிப் போட்டுச் சோறு சாப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனி சின்னது, கிழக்குப் பக்கம் ஒரு யன்னல். பிள்ளைகள் ஒரு பழமரம் வேண்டும் என்கிறார்கள். எதை வைக்கலாம்?
– வாசகர், பேர்ண், சுவிற்சர்லாந்து

பதில்: அன்னாசி வையுங்கள்! பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது கிடையாது. மரம் அல்ல, செடிதான், ஆனால் பழம் நிச்சயம். நல்ல பச்சைக் கொண்டை உள்ள பழமாக வாங்கி, கொண்டையைத் திருகிக் கழற்றி, ஒட்டியிருக்கும் சதையை முழுக்கச் சுத்தம்செய்து, அடி இலைகள் சிலவற்றை உரித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு நடுங்கள். தண்ணீர் கொஞ்சம்தான் வேண்டும். இரண்டு, இரண்டரை வருடத்தில் இருபத்தைந்து முப்பது இலையோடு அகலமாக விரிந்து நிற்கும். அப்போதும் பூக்கவில்லை என்றால் செடியோடு இரண்டு பழுத்த ஆப்பிளை வைத்து, முழுவதையும் ஒரு பிளாஸ்ரிக் பையால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் ஐந்தாறு நாள் விடுங்கள். ஆப்பிளில் இருந்து வரும் எதிலீன் வாயு அன்னாசியைப் பூக்கத் தூண்டும். இரண்டு மூன்று மாதத்தில் நடுவில் சிவப்பாக எட்டிப்பார்க்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பழம் முற்ற ஐந்தாறு மாதம்.

மரம்தான் வேண்டும் என்றால் கலமண்டின் தோடை. இரண்டடியிலேயே காய்க்கும், தோடை வகைகளில் குறைந்த வெளிச்சத்தை ஓரளவு பொறுப்பது அதுதான். பழம் பயங்கரப் புளி, தோல் இனிப்பு, ஊறுகாய்க்கு அருமை.

ஆனால் கிழக்கு யன்னல் மட்டும் போதாது. டிசம்பரில் உங்கள் ஊரில் பகல் எட்டரை மணித்தியாலம்தான், அதிலும் பாதி நாள் மூடுபனி. ஒரு எல்.ஈ.டி. வளர்விளக்கு வாங்குங்கள். 40 வாற் விளக்கை 12 மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 14 யூனிற் மின்சாரம்தான். இலையில் இருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிடுங்கள். கூரையில் மாட்டினால் அது உங்களுக்கு வெளிச்சம் தருமே தவிர, செடிக்குப் பயன் இல்லை. நேரம்வைக்கும் சுவிச் ஒன்றும் போட்டுவிட்டால் தினமும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: கறிவேப்பிலை மரம் நவம்பரில் மஞ்சளாகி டிசம்பரில் மொட்டையாகிறது. பழமரம் அல்ல என்று ஒதுக்காமல் பதில் சொல்லுங்கள்.
– வாசகி, ஒஸ்லோ

பதில்: ஒதுக்குவேனா? உங்கள் ஊரில் டிசம்பர் பகல் ஆறு மணித்தியாலம்தான், அந்த மரம் தூங்குவது நியாயம். மொட்டையானால் பதற்றப்படாமல் 10 முதல் 15 பாகை உள்ள இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கப் தண்ணீர் மட்டும் விடுங்கள். மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, யன்னலுக்குக் கொண்டுவாருங்கள், துளிர்க்கும். குளிர் முழுக்கச் சமையலுக்கு இலை வேண்டும் என்றால் மேலே சொன்ன விளக்குத்தான் ஒரே வழி. பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை கூடும்.

கேள்வி: கோத்தகிரியில் வீட்டைச் சுற்றி இருபது சென்ட் நிலம் இருக்கிறது. சமவெளியில் இருந்து மாங்கன்று, சப்போட்டா, சீத்தா கொண்டுவந்து வைத்தேன். மா மட்டும் உயிரோடு இருக்கிறது, பூக்கிறது, பூவெல்லாம் கருகிவிடுகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்வீர்களா?
– வாசகர், கோத்தகிரி, நீலகிரி

பதில்: உங்கள் கடிதம் வந்ததில் பெரிய மகிழ்ச்சி. குளிர் என்றால் கனடாவும் நோர்வேயும்தான் என்று நினைப்பவர்களுக்கு நீலகிரி நினைவில் வருவதில்லை. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரம். அங்கே மா வளரும், ஆனால் பூக்கும் நேரத்தில் வரும் குளிரும் மேகமூட்டமும் சாம்பல் நோயையும் பூக்கருகலையும் கொண்டுவரும். மருந்தடித்துச் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் போராட்டம்தான். வேறு மரம் வையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ஏனென்றால் உங்களுக்கு வாய்த்திருப்பது நாங்கள் ஏங்கும் காலநிலை. உறைகுளிர் நாட்களோ கொஞ்சம், வெளிச்சமோ வருடம் முழுக்க.

முதலில் வெண்ணெய்ப்பழம், நீங்கள் பட்டர் ஃப்ரூட் என்பீர்கள். பழனிமலையின் தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக நிலையம் டி.கே.டி. 1 என்ற இனத்தையே வெளியிட்டிருக்கிறது. அதன் ஒட்டுக்கன்றைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் தேங்கினால் வேரழுகிச் சாகும் மரம் அது, ஆகவே சரிவில் நடுங்கள். பிறகு ஊதாத் தாட்பூட், அதாவது பேஷன் ஃப்ரூட். மஞ்சள் வகை கீழ்நாட்டுக்கானது, ஊதா வகைதான் மலைக்கு ஏற்றது, வேலியில் ஏற்றிவிட்டால் போதும். மரத்தக்காளி உங்கள் பக்கத்து வீடுகளிலேயே இருக்கும். பெர்சிமனும் பிளம்ஸும் குன்னூர் பழப்பண்ணையில் பல காலமாக வளர்கின்றன.

இன்னொன்றும் உங்கள் மலையிலேயே கற்கலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறு, பர்லியாறு அரசு பண்ணைகள் இருக்கின்றனவே, அங்கே மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. அங்கிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம்? மாறுவது உயரம் மட்டும்தான். உங்கள் இருபது சென்டுக்குள்ளேயும் இதே வித்தியாசம் சிறிய அளவில் உண்டு. குளிர்காற்று பாரமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். உறைபனி விழுவது அங்கேதான். ஒரு டிசம்பர் விடியலில் நடந்து, புல் எங்கே வெளுத்திருக்கிறது என்று பாருங்கள், அந்த இடத்தில் பேரியும் பிளம்ஸும். வெளுக்காத மேட்டில், தெற்குச் சுவரோடு, உங்களுக்கு ஆசையான மரம்.

கேள்வி: கொய்யா இலையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, காம்பில் வெள்ளைப் பஞ்சு போல இருக்கிறது. யன்னல் நிலையிலும் ஒட்டுகிறது.
– வாசகி, மிஸிஸாகா

பதில்: மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் தேன்போன்ற நீர்தான் பிசுபிசுப்பு, விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படரும். மருந்துக்கடையில் விற்கும் 70 வீத அற்ககோலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாகத் தொட்டுத் துடையுங்கள். கணுவிடுக்குகளை விடாதீர்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத திரவ சோப் கலந்து இலையின் இரண்டு பக்கமும் தெளித்து, ஒரு மணித்தியாலம் கழித்துக் குளியலறைக் குழாயில் கழுவுங்கள். முதலில் ஒரு இலையில் மட்டும் செய்து, ஒருநாள் விட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை, நான்கு வாரம். ஒருமுறை செய்து "போய்விட்டது" என்று நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது, முட்டைகள் பொரிக்கும் அல்லவா. பக்கத்துச் செடிகளையும் பாருங்கள். இலையில் மெல்லிய வலையும் ஊசிமுனைப் புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப் பேன், வறண்ட காற்றில் பெருகுவது. அதற்கும் கழுவுவதுதான் முதல் மருந்து.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, போன வருடம்தான் ஊரில் இருந்து வந்தார். இங்கே வாங்கிய பலாப்பழத்தின் கொட்டைகளைக் கழுவி வைத்துக்கொண்டு, நட்டுத் தா என்கிறார். தென்னையும் கேட்கிறார். எனக்கு இது சரிவராது என்று தெரியும், சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கு நிலவறையில் ஒரு யன்னல் உண்டு, பின்வளவில் நல்ல வெயில்.
– வாசகர், ரொறன்ரோ

பதில்: பலாக்கொட்டையை நடுங்கள். அம்மாவின் கையாலேயே நடவிடுங்கள். காய்ந்தால் முளைக்காது, ஆகவே இந்த வாரமே நடுங்கள். முளைத்துவிடும், இரண்டு மூன்று வருடம் இலையோடு நிற்கும். அது ஆணிவேர் மரம், சாடி அதற்குச் சிறை, காய்க்காது என்பதை அம்மாவுக்கு நேராகச் சொல்லலாம். தோட்டம் வைத்து வளர்ந்தவர், நம்மைவிட அவருக்கு விளங்கும். தென்னையை மட்டும் வாங்க வேண்டாம். கடைகளில் தேங்காயோடு முளைத்து நிற்கும் கன்று வீட்டுக்குள் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம், கண்முன்னால் ஒரு தென்னை சாவதை அவர் பார்க்கவேண்டாம்.

அம்மாவுக்கு நான் சொல்லும் மரம் கொய்யா. இந்த நாட்டில் சாடியில் நட்டு, கைநிறையப் பறித்துச் சாப்பிடக்கூடிய வெப்பநாட்டு மரம் ஒன்று உண்டென்றால் அது கொய்யாதான். காரணம், அது அந்த வருடம் விடும் புதுக்கிளையில்தான் பூக்கும். மாவைப் போலப் பழைய கிளையைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கத் தேவையில்லை. வெட்டினால் கோபிக்காது, இன்னும் நன்றாக வரும். அதனால் உங்கள் நிலவறையே போதும். இப்போது ஒரு கன்று வாங்கி யன்னலோரத்தில், முடிந்தால் ஒரு விளக்கோடு வையுங்கள். நிலவறை 10 பாகை அளவில் குளிராக இருந்தால் விளக்கும் தேவையில்லை, இலை கொட்டித் தூங்கட்டும், மாதத்துக்கு இரண்டு தரம் கொஞ்சம் தண்ணீர்.

மார்ச் நடுப்பகுதியில் பாதி உயரத்துக்கு வெட்டி, ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்றுங்கள். தோட்டத்து மண் வேண்டாம், அது சாடிக்குள் இறுகிச் சேறாகும். தென்னந்தும்பும் மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் கலந்தால் வேருக்கு மூச்சு இருக்கும். மே மாதத்தில் வரும் விக்ரோறியா நாள் வார இறுதிக்குப் பிறகு வெளியே எடுங்கள், ஆனால் நேராக வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். யன்னலுக்குள் வளர்ந்த இலை ஒரே நாளில் வெந்துபோகும். முதல் மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில், பத்தாம் நாள் முழு வெயில். யூனில் பூக்கும், ஒக்ரோபரில் காய் முற்றும். பழுக்கத் தொடங்குமுன் குளிர் வந்துவிட்டால் காயோடு மரத்தை உள்ளே எடுங்கள், யன்னலில் பழுக்கும், வீடு முழுக்க மணக்கும்.

வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். கிளை கிள்ளுவது, எந்தக் காயை விடுவது என்று தீர்மானிப்பது எல்லாம் அம்மாவின் பொறுப்பாக இருக்கட்டும். இன்னொன்று, உங்கள் பக்கத்தில் இத்தாலியக் குடும்பங்கள் இருந்தால் நவம்பரில் ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் தங்கள் அத்திமரத்தின் வேரை ஒரு பக்கம் அறுத்து, மரத்தை அப்படியே பள்ளத்துக்குள் சாய்த்து, மண்ணும் பலகையும் போட்டு மூடி, சித்திரையில் எழுப்பி நிறுத்துவார்கள். இந்த நகரத்தில் பல காலமாகச் செய்துவருகிறார்கள். மொழி விளங்காவிட்டாலும் அம்மாவுக்கு அந்தக் கைவேலை விளங்கும். ஒரு அத்திக் குச்சியும் கேட்டு வாங்கி வாருங்கள், எளிதாக வேர்விடும், கேட்டால் தருவார்கள்.